17 வளைவுகள், ஒரு நட்டு

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் இதே சத்தம்தான். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் இடித்துப் பிடித்து ஏறிக்கொள்கிறார்கள். இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் காய் பறிப்பதும் களை எடுப்பதும் பெரும்பாலும் தேனி மாவட்டத்துக் கைகள்தான். காலையில் மலை ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். போகவும் வரவும் ஜீப்புதான் கதி.

மதுரை மாவட்டத்திலிருந்து 1996-ல் தேனி தனி மாவட்டமானது. தேனியிலிருந்து மேற்கே போனால் போடி. தென்மேற்கே போனால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல்லும் திராட்சையும் வாழையும். கீழே பார்க்கும்போது சமவெளி மாதிரித்தான் இருக்கும். ஆனால் இந்த ஊர்க்காரர்களின் பிழைப்பில் பாதி மலைக்கு மேலே இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். கம்பம்மெட்டுச் சாலையும் குமுளிச் சாலையும் அதற்குச் சளைத்தவை அல்ல.

இந்தச் சாலைகளில் ஏறிப் பழகிய பழைய ஜீப்புக்கு ஒரு வம்சாவளி உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காகப் பிறந்த வில்லீஸ் ஜீப்பை, 1940-களின் இறுதியில் உரிமம் பெற்று மும்பையில் பூட்டத் தொடங்கியது மகிந்திரா நிறுவனம். வில்லீஸ் 1953-ல் கொண்டுவந்த சிஜே3பி என்ற உயரமான மூக்குள்ள ஜீப்பை அமெரிக்காவே 1968-ல் நிறுத்திவிட்டது. இங்கே அதன் பிள்ளைகளும் பேரன்களும் அதற்கப்புறமும் பல ஆண்டுகள் பிறந்துகொண்டே இருந்தன. அவற்றில் பல இடதுபக்க ஸ்டியரிங் வைத்தவை. ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்று பின்னால் எழுதிக்கொண்டு ஓடிய ஜீப்புகளைச் சற்று வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மற்ற ஊர்களில் அது சங்கடம். மலைச்சாலையில் ஒரு வசதி உண்டு. பள்ளம் இடப்பக்கம் வரும்போது, சாலையின் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே எத்தனை விரற்கடை இருக்கிறது என்று டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூரில் ஜீடி கார் மியூசியத்துக்குப் போனால் பழைய வண்டிகள் கண்ணாடிபோல் மின்னும். கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம். தேனியில் பழைய வண்டி என்றால் சேறு, டீசல் வாடை, ஏலக்காய் மணம். அது உழைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அப்படி உழைக்கிற வண்டியில் முதலில் தளர்வது ஸ்டியரிங். பவர் ஸ்டியரிங் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அந்தப் பெரிய சக்கரத்தைக் கை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். வளைவு முடிந்ததும் திருப்பிச் சுற்ற வேண்டும். மேலே கித்தான் கூரை. பக்கவாட்டில் அடிக்கும் சாரல் மழை ஸ்டியரிங்கின் நடுமண்டையில் இறங்கி, அங்குள்ள நட்டையும் அதற்குக் கீழே தண்டின் பற்களையும் துருப்பிடிக்க வைத்துவிடும். ஹாரன் விட்டுவிட்டு அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. சக்கரத்தின் மேல்பூச்சு வெடித்துக் கையைக் கீறும். அப்போது சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமைதான் வேண்டும். அங்கேதான் தகராறு. ‘அண்ணே, விடிஞ்சா வண்டி வேணும்’ என்பது ஜீப் டிரைவர்கள் பட்டறை வாசலில் சொல்லும் முதல் வாக்கியம். வண்டி ஒருநாள் நின்றால் டிரைவருக்கு மட்டும் நஷ்டம் இல்லை. அதில் போகிற அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு. ஆகவே கை சுத்தியலைத் தேடும்.

சுத்தியல்தான் இந்த வேலையின் முதல் எதிரி. பழைய வில்லீஸ் வகை ஜீப்பில் சக்கரத்தைத் தாங்கும் நீண்ட தண்டும், கீழே ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருக்கும் திருகும் ஒரே உருப்படி. அதன் இரண்டு முனையிலும் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் வைத்த பேரிங். மேலே தண்டின் தலையில் ஓங்கி அடித்தால், அந்த அடி நேராகக் கீழே உள்ள குண்டுகளில் போய் விழும். சக்கரம் கழன்றுவிடும், சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கில் ஆட்டம் ஆரம்பமாகும். அது தெரியவருவது பட்டறையில் அல்ல, மலையில்.

விவரம் தெரிந்த மெக்கானிக் முன்டயர்கள் இரண்டையும் நேராக நிறுத்துவார். பேட்டரி ஒயரைக் கழற்றுவார். அதை மறந்தால் ஹாரன் அலறித் தெருவே திரும்பிப் பார்க்கும். பிறகு நடுவில் உள்ள ஹாரன் பட்டனை எடுத்து, அதன் அடியில் இருக்கும் ஸ்பிரிங்கையும் கிண்ணத்தையும் எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வைப்பார். ஹாரன் ஒயர் தண்டுக் குழாய்க்குள்ளேயே இறங்குவதால் அதை இழுத்துவிடக் கூடாது. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஹாரன்தானே கண்.

அடுத்தது நட்டு. அதை முழுதாகக் கழற்றாமல், நாலைந்து புரி மட்டும் தளர்த்தி அப்படியே விடுவார்கள். திடீரென்று சக்கரம் விடுபட்டால் முகத்தில் வந்து மோதாமல் அந்த நட்டு தடுக்கும். நட்டு தளர்ந்ததும் தண்டின் தலையிலும் சக்கரத்தின் மண்டையிலும் ஒரே கோட்டில் ஓர் அடையாளம். சாக்பீஸ் அழிந்துவிடும் என்பதால் சென்டர் பஞ்சால் சின்னப் புள்ளி குத்துவது நல்லது. துருவுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்தால் பாதி வேலை தானே முடியும். மறுநாள் புல்லரை மாட்டி, அதன் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

திரும்ப மாட்டுவதுதான் உயிர்நாடி. பற்களைச் சுத்தம் செய்து, துளி கிரீஸ் தடவி, புள்ளிக்கு நேரே புள்ளி வைத்து இறக்க வேண்டும். ஒரு பல் மாறி உட்கார்ந்தாலும் வண்டி ஓடும். ஆனால் டயர் நேராக இருக்கும்போது சக்கரத்தின் கம்பி கோணலாக நிற்கும். சமவெளியில் அதைச் சமாளித்துவிடலாம். கொண்டை ஊசியில், டயர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அனுபவமுள்ள டிரைவர் கண்ணால் பார்ப்பதில்லை. கம்பி கையில் படும் இடத்தை வைத்தே தெரிந்துகொள்கிறார். அந்தக் கணக்கு பொய்த்துப் போகும்.

கோணலைச் சரிசெய்ய மறுபடி கழற்ற அலுப்புப்பட்டு, கீழே உள்ள ராடை முறுக்கி ஒப்பேற்றுபவர்களும் உண்டு. அது இன்னும் தப்பு. பாக்ஸுக்குள் இருக்கும் திருகு, வண்டி நேராகப் போகும் நடுநிலையில் இறுக்கமாகவும் இரண்டு ஓரங்களிலும் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி கடையப்பட்டது. ராடைத் திருகினால் அந்த நடு இடம் விலகிவிடும். நேர்ச்சாலையிலேயே வண்டி அலையும்.

அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. சோதனை, அபராதம், அறிவுரை எல்லாம் வந்து போகின்றன. பாரம் கூடக் கூட ஸ்டியரிங்குக்கும் சுமை கூடுகிறது என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிற பெண்களுக்கே தெரியும். ஆனாலும் அடுத்த வண்டிக்காக நின்றால் தோட்டத்தில் வேலை போய்விடும்.

இப்போது ஜீப்புகளுக்கு இன்னொரு சவாரியும் சேர்ந்திருக்கிறது. கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்து சூரியநெல்லி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். சூரிய உதயம் பார்க்க வருகிற பயணிகளை ஏற்றிக்கொண்டு கல்லும் குழியுமான பாதையில் ஜீப்புகள் குதித்துக் குதித்து ஏறுகின்றன. டயர் ஒரு கல்லில் மோதினால் ஸ்டியரிங் சக்கரம் கையை மீறிச் சுழலும். குறுக்குக் கம்பி விரலை முறித்துவிடும். அதனால் மலைக்குப் புதிதாக வரும் டிரைவருக்குப் பெரியவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம், கட்டை விரலைச் சக்கரத்துக்கு உள்ளே விடாமல் மேலே படுக்க வைத்துப் பிடிப்பது.