போர்வையும் விலா எலும்பும்

குளிரில் நடுங்கும் உயிருக்கு ஒரு போர்வை கொடுத்துவிட்டால் குளிர் தீர்ந்துவிடும் என்பது பலரும் ஆராயாமல் ஒப்புக்கொண்டுள்ள கருத்து. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தின் பிழையை இரண்டு குதிரைகளின் துன்பத்தினால் அறிந்துகொண்டோம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். தொடர்பு கணக்குப் புத்தகத்தின் வழியே வந்தது. அதனை ஒளிக்காமல் கூறிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் வேலை பார்ப்பது கேமரன் மலையிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில். 1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை அளந்து சென்ற வில்லியம் கேமரன் என்பவரின் பெயரால் வழங்கும் இவ்விடம், தானா ராத்தா நகரின் அளவில் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரமுடையது. கீழ்நாட்டில் மக்கள் விசிறியைத் தேடும் இரவுகளில் இங்கே கம்பளியைத் தேடுவோம். இரவு வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்குவது இங்கே புதுமையன்று. ஆண்டின் கடைசி மாதங்களில் பெய்யும் மழையோ நாட்கணக்கில் விடுவதில்லை.

2018-ஆம் ஆண்டில் எங்கள் மானேஜர், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு குதிரைகளைக் கீழ்நாட்டிலிருந்து தருவித்தார். ஒன்று செந்நிறப் பெட்டை. மற்றொன்று கறுப்பு ஆண். பங்களாவுக்குக் கீழே இருந்த சரிவு நிலத்திற்கு வேலி கட்டி, அவற்றை அங்கே மேய விட்டனர். "பச்சைப் புல்லும் குளிர்ந்த காற்றும் உண்டு, இனி அவற்றிற்கு என்ன குறை?" என்றார் மானேஜர். அவற்றின் செலவுக் கணக்கு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, சிங்கப்பூரில் சிற்றன்னை வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பட்டியலைப் பார்த்தால் அதில் எங்கே செலவைக் குறைக்கலாம் என்று கண்டுபிடிப்பதே கல்வியின் பயன் என்று அக்காலத்தில் நினைத்திருந்தோம். குதிரைக் கணக்கில் நம் கண்ணில் முதலில் பட்டது உலர்ந்த புல். அது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது, விலை மிகுந்தது. சரிவு முழுதும் பச்சைப் புல் நிற்க, காய்ந்த புல்லைக் காசு கொடுத்து வாங்குவானேன்? அக்டோபர் மாதத்தில் உலர்ந்த புல்லைப் பாதியாகக் குறைத்தோம். குறைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு இரண்டு போர்வைகள் வாங்கினோம். நீல நிறம், ஓரத்தில் மஞ்சள் கரை. குதிரைகள் அவற்றைப் போர்த்திக்கொண்டு நின்ற கோலத்தைக் கண்ட விருந்தினர், "எவ்வளவு அன்பாகப் பராமரிக்கிறீர்கள்!" என்று பாராட்டிப் படம் பிடித்துச் சென்றனர். கணக்கிலும் மிச்சம் தெரிந்தது. நமக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பரில் மழை பிடித்தது. ஆறாம் நாள் மாலையில் பெட்டைக் குதிரை வேலியோரத்தில் வாலை இடுக்கிக்கொண்டு, முதுகைக் கூனி, உடல் முழுதும் நடுங்க நின்றது. போர்வை அதன்மேல்தான் இருந்தது. உரக் கிடங்கொன்றை ஒழித்து, இரண்டையும் உள்ளே அடைத்து, காற்று புகாதபடி கதவையும் சன்னலையும் சாத்தினோம். சூடான தவிட்டுக் கஞ்சி வைத்தோம். பிராந்தி ஊற்றச் சொன்னார் ஒருவர். மந்திரித்த கயிறு கட்டச் சொன்னார் வேறொருவர். அவை இரண்டையும் மூடத்தனம் என்று மறுத்தோம். ஆனால் நாம் செய்துவைத்திருந்த மூடத்தனம் அப்பொழுது நமக்குத் தெரியவில்லை.

மறுநாளும் நடுக்கம் நிற்கவில்லை. பந்தயத் திடலின் லாயத்தில் நாற்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர், தம் மகளுடன் தானா ராத்தாவில் வசித்து வந்தார். ஆள் அனுப்பி அழைத்தோம். அவர் வந்தவுடன் மருந்து எதனையும் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார். பிறகு நம்மைப் பார்த்து, "கிராணி ஐயா, போர்வைக்குள் கையை விட்டுப் பாருங்கள்" என்றார்.

கையை விட்டோம். போர்வையின் அடிப்புறம் சேறுபோல் நனைந்திருந்தது. அதற்குக் கீழே, வரிசையாக, விலா எலும்புகள். ஒவ்வொன்றையும் விரலால் எண்ண முடிந்தது.

"போர்த்தின நாள் முதலாக யாராவது இதைக் கழற்றினார்களா, ஐயா?" என்று முதியவர் கேட்டார். நாம் விடை கூறவில்லை. "தீனி எவ்வளவு வைக்கிறீர்கள்?" என்றார். கூறினோம். அவர் கோபிக்கவில்லை. "உள்ளே அடுப்பு எரியவில்லை, ஐயா. வெளியே ஈரத் துணியைச் சுற்றி என்ன பயன்?" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு அவர் செய்தவற்றை நாம் அருகிலிருந்து கண்டோம். முதலில் நனைந்த போர்வையைக் களைந்தார். உலர்ந்த வைக்கோலை முறுக்கிக் கைப்பிடியளவு சுருட்டி, அதனால் குதிரையின் உடலை மயிர் நிமிரும்படி தேய்த்தார். முதுகின்மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் உலர்ந்த சாக்குகளைப் போட்டுத் தளர்வாகக் கட்டினார். கூரை வேய்வதைப் போன்ற அவ்வேலையால், வைக்கோலின் இடையே காற்று நடந்து ஈரத்தை வெளியேற்றும்; சூடு தங்கும். மிச்சமிருந்த உலர்ந்த புல்லையெல்லாம் இரண்டு குதிரைகளுக்கும் முன்னே கொட்டச் சொன்னார். குடிக்க வெதுவெதுப்பான நீர் வைத்தார். குதிரை தின்னத் தொடங்கிற்று. நள்ளிரவுக்குப் பின்னர் நடுக்கம் அடங்கிற்று.

அதன் பின்னரே நாம் நூல்களைப் புரட்டினோம். முதியவரின் அடுப்பு வெறும் உவமையன்று. குதிரையின் பெருங்குடலின் தொடக்கத்தில் பை போன்ற ஒரு பகுதி உண்டு. அது சுமார் 30 லிட்டர் கொள்ளும். அங்கும் அதனைத் தொடர்ந்த பெருங்குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சிதைக்கின்றன. அப்பொழுது வெப்பம் பிறக்கிறது. 38 டிகிரி அளவிலுள்ள குதிரையின் உடற்சூட்டைக் குளிர்காலத்தில் காத்து நிற்கும் பெருந்துணை இதுவே. தானியத்தைவிட நார் மிகுந்த தீனியே இச்சூட்டை மிகுதியாகவும் நெடுநேரமும் தரும். நாம் வைத்த தவிட்டுக் கஞ்சி சற்று நேரம் வயிற்றுக்கு இதமாக இருந்திருக்கும், அவ்வளவே. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ வரை உலர்ந்த தீனி வேண்டும். குளிரும் ஈரமும் மிகுந்தால் அதற்கு மேலும் வேண்டும். மழைக்காலத்துப் பச்சைப் புல்லிலோ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். சரிவு நிறையப் புல் இருந்ததாக நாம் கணக்கெழுதியது உண்மையில் தண்ணீர்க் கணக்கு!

இனி மயிரைப் பற்றிச் சிறிது கூறுவோம். குதிரை குளிரும்பொழுது அதன் மயிர் சிலிர்த்து நிமிர்கிறது. மயிர்களின் இடையே சிறைப்படும் காற்றே அதற்கு இயற்கை அளித்த போர்வை. ஆதலால், அடர்ந்த குளிர்கால மயிருடன் உலர்ந்திருக்கும் குதிரை, நீர் உறையும் நிலைக்குக் கீழே பல டிகிரி வரையிலும் நடுங்காமல் நிற்கவல்லது. மழை அம்மயிரைப் படியவைத்துக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். அதனோடு காற்றும் வீசுமாயின் 10, 15 டிகிரியிலேயே குதிரைக்குத் துன்பம் தொடங்கிவிடும். குளிரைவிட ஈரமே பெரிய பகை. நனைந்த போர்வையை முதுகில் ஏற்றுவது அப்பகையை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைப்பதற்கு ஒப்பாகும். ஈரத்தில் ஊறிய தோலில் ஒருவகை நுண்ணுயிர் பெருகிப் பொருக்குப் புண்களை உண்டாக்குவதும் உண்டு.

இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸ்மூர் என்னும் மேட்டு நிலத்தில் வாழும் மட்டக் குதிரைகள், மழையும் காற்றும் நிறைந்த குளிர்காலத்தை வெட்டவெளியிலேயே கழிக்கின்றன. அவற்றின் மயிர் இரண்டு அடுக்கு: உள்ளே கம்பளி போன்ற மெல்லிய அடுக்கு, வெளியே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு அடுக்கு. வாலின் அடியிலுள்ள குட்டை மயிர்கள் விசிறிபோல் விரிந்து, மழை நீரை உடலின் மென்மையான பகுதிகளில் படாமல் வழித்துவிடுகின்றன. காற்றுக்குப் புறங்காட்டி அவை நிற்கும்பொழுது வெளி அடுக்கு நனையும், தோல் நனையாது. இக்குதிரைகளின் படங்களைக் கண்டு, "குதிரை குளிருக்குப் பிறந்த பிராணி" என்று நாமும் பேசியதுண்டு.

எங்கள் குதிரைகளுக்கு அத்தகைய மயிர் ஏன் வளரவில்லை? குளிர்கால மயிரை வளரத் தூண்டுவது முதன்மையாகக் குளிரன்று, பகற்பொழுது குறுகுவது. கண் வழியே வெளிச்சத்தின் அளவை உணர்ந்து உடல் அடர்மயிரை வளர்க்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் நாட்டிலோ ஆண்டு முழுதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமே. மலையின்மேல் குளிர் உண்டு. ஆனால் "குளிர் வருகிறது, மயிர் வளர்த்துக்கொள்" என்று குதிரையின் உடலுக்கு அறிவிக்கும் குறுகிய பகல் இல்லை. மேலும், பந்தயக் குதிரை இயல்பாகவே மெல்லிய மயிருடையது. மெல்லிய ஆடையுடன் வந்தவர்களை மழையில் நிறுத்திவிட்டு, "குளிர் உங்களுக்குப் பழக்கந்தானே" என்று சொன்னவர்களானோம்.

பரிகாரம் பெரிய செலவுடையதன்று. மேட்டில், நீர் தேங்காத இடத்தில், மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த தகரக் கொட்டகை போட்டோம். அடைத்த பக்கம் காற்று வரும் திசையை நோக்கியது. தரையில் கல் பரப்பி, மேலே உலர்ந்த மரச்சீவல் கொட்டினோம். குதிரை விரும்பினால் நுழையும், விரும்பினால் வெளியேறும். மூடிய அறையில் சிறுநீரின் காரமும் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும் என்பதனாலேயே முதியவர் அன்று கதவைத் திறந்துவிட்டார். மழை புகாததும், ஆனால் உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடுவதுமான போர்வைகள் வாங்கினோம். அவற்றை நாள்தோறும் கழற்றி, உடலைத் தடவிப் பார்த்தே மீண்டும் போர்த்துகிறோம்.

போர்வை வேண்டுமா வேண்டாவா என்பதைக் குதிரையிடமே கேட்டறிந்தவர்களும் உளர். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று குறிகளைக் கற்பித்தனர்: ஒன்றுக்குப் போர்த்து என்பது பொருள், மற்றொன்றுக்குக் கழற்று, மூன்றாவதற்கு இருப்பதுபோல் இருக்கட்டும். இரண்டு வாரத்திற்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. பின்னர், மழையும் காற்றும் குளிருமான நாட்களில் அவை போர்வையைக் கேட்டன. வெயில் நாட்களில் கழற்றச் சொல்லின. 2016-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. வாயில்லாப் பிராணி என்கிறோம். கேட்பதற்கு நமக்குச் செவியில்லை என்பதே பொருத்தம்.

அந்த நவம்பரில், மழைக்குப் பின்னர், நாம் மானேஜரிடம் சென்று, உலர்ந்த புல்லைக் குறைத்தது நம் யோசனையே என்று ஒப்புக்கொண்டோம். புதிய பட்டியலையும் நீட்டினோம். அவர் நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பெட்டைக் குதிரையின் விலாவில் சதை பிடிக்க மூன்று மாதங்கள் ஆயின.

நம்மை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. இப்பாடத்தை நாம் முதியவரிடம் கற்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. லாயத்திற்கும் லயத்திற்கும் எழுத்தில் ஒரு கால்தான் வேறுபாடு. நாம் பிறந்த லயத்தின் தகரக் கூரை மழையில் ஒழுகும். அவ்விரவுகளில் அன்னையார் கந்தல் போர்வையைத் தேடுவதற்கு முன்னர் அடுப்பை மூட்டுவார். "வயிறு நிறைந்து படுத்தால் குளிர் பாதி" என்பார். அதன் பின்னரே எங்களை ஒழுகாத மூலைக்கு நகர்த்துவார். முதலில் சோறு, அடுத்து உலர்ந்த இடம், கடைசியில் போர்வை: முதியவரின் வைத்தியமும் இதே வரிசைதான். இவ்வரிசையைக் குழந்தைப் பருவத்தில் நம் உடலே அறிந்திருந்தது. கணக்கெழுதக் கற்ற கை அதனை மறந்துவிட்டது.

நேயர்களே! எங்கேனும் அழகிய போர்வையொன்றைக் கண்டால் உடனே பாராட்டிவிட வேண்டாம். அதனைச் சிறிது தூக்கி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். குதிரைக்கு மட்டும் நாம் இதனைக் கூறவில்லை. இவ்வாண்டும் மழை தொடங்கிவிட்டது. நாள்தோறும் காலையில் அலுவலகத்தைத் திறப்பதற்கு முன்னர் நாம் கொட்டகைக்குச் சென்று அவ்வாறே பார்க்கிறோம். அதற்குப் பிறகே கணக்குப் புத்தகத்தை எடுக்கிறோம்.