புகழுக்கு அஞ்சாத கேள்வி

கலைஞன் ஒருவனைப் போற்றுகிறவர், பெண்ணை அவன் கண்ட பார்வையையும் சேர்த்துப் போற்றத்தான் வேண்டுமா? அரபுச் செய்யுளும் தமிழ்ச் செய்யுளும் கற்பித்து வரும் எமக்கு இக்கேள்வி புதிதன்று. ஆயினும், அமெரிக்கப் பாட்டொன்று இதனை நேர்நின்று எழுப்புவதை எம் மகள் எடுத்துக் காட்டியபோது ஊன்றிக் கேட்டோம்.

பெருநிறுவனங்களைச் சாராது, சிறு வெளியீட்டாளர் வழியே வரும் ராக் இசையை 'இண்டி ராக்' என்பர். நியூயார்க்கில் தோன்றிய 'லெ டிக்ர்' அவ்வகைக் குழுக்களுள் ஒன்று. அதன் பாடகி கேத்லீன் ஹன்னா, 1990களின் பெண்ணிய ராக் இயக்கத்தில் முன்னின்றவர். 1999இல் வெளிவந்த இக்குழுவின் முதல் தொகுப்பில், திரைப்பட இயக்குநர் ஜான் கசவெட்டிஸைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு.

கசவெட்டிஸ் (1929–1989) பிறர் படங்களில் நடித்து ஈட்டிய பொருளைக் கொண்டு தம் மனம்போல் படமெடுத்தவர். 'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) என்னும் படத்திற்காக வீட்டையே அடகு வைத்தார். அதன் நாயகி மேபல், கட்டுமானத் தொழிலாளி ஒருவனின் மனைவி. கணவனுக்கு அவள்மேல் அன்பு உண்டு. அவளை அடிக்கும் கையும் அவனுடையதே. மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்று, ஆறு திங்கள் கழித்து வீடு திரும்புகிறாள். மேபலாக நடித்தவர் இயக்குநரின் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ். இப்படம் பெண்ணின் துயரை உணர்ந்தவர் படைப்பா, அத்துயரைக் காட்சிப்பொருள் ஆக்கியவர் படைப்பா?

பாட்டும் இதையே கேட்கிறது. மேதை என்று ஒரு குரல் உயர்த்த, பெண்வெறுப்பாளர் என்று மற்றொன்று மறுக்கிறது. தீர்ப்பு வழங்கப்படுவதில்லை. அதே தொகுப்பில் 'ஹாட் டாபிக்' என்னும் பாட்டு, நினா சிமோன், யோகோ ஓனோ முதலான முன்னோடிகளைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. நன்றி கூறத் தெரிந்தவர்களே கேள்வியும் கேட்கிறார்கள்.

"வாப்பா, இம்ரவுல் கைஸின் முஅல்லகாவை ஓதிக்கொடுக்கும்போது இப்படிக் கேட்க விடுவீர்களா?" என்றாள் மகள். இலக்கண ஆசிரியர்கள் அவன் சொல்லைச் சான்றாகக் கொண்டனரே அன்றி, அவன் ஒழுக்கத்திற்குச் சான்று அளித்தாரில்லை என்றோம். "ஒழுக்கக்கேடு சொல்லுக்குள்ளேயே இருந்தால்?" என்று மடக்கினாள்.

கூரிய கேள்வி. பெண்களோடு களித்த நாட்களைப் பெருமையாகப் பாடியவன் அக்கவிஞன். ஆயினும், ஒட்டகச் சிவிகையில் தன்னருகே வலிய ஏறியவனை உனைஸா கடிந்துரைக்கும் குரலையும் அவன் செய்யுளே காத்து வைத்திருக்கிறது. பாரம் தாளாது ஒட்டகம் நொந்துவிடும், தான் நடந்து போக நேரும், இறங்கிப் போ என்கிறாள் அவள். மாணவர் பெரும்பாலும் அவ்வடிகளில் வேற்றுமை உருபைத் தேடுவர். அவள் சினத்தைத் தேடுவதில்லை.

செய்யுளை விலக்க வேண்டியதில்லை. புகழுக்கு அஞ்சி வாய்மூடவும் வேண்டியதில்லை. கவிஞனின் சொல்லழகை வியந்து ஓதும் நாவு, உனைஸாவின் மறுப்பையும் அதே தெளிவோடு ஓதட்டும். அவள் பக்கம் நின்று கேள்வி கேட்கும் மாணவரை, ஆசிரியர் அமர்த்தாதிருக்கட்டும்.