அப்பா முழுசாய்ப் பார்த்த படம்

2007 இல் நான் பிளேஸ்டேசன் 3 வாங்கினது விளையாடுவதற்கு இல்லை. ஒரு விளையாட்டு டிஸ்க்கூட அப்போது என்னிடம் இருக்கவில்லை. தனிப் புளூரே பிளேயர்கள் நல்ல விலை விற்ற காலம் அது. இந்தப் பெட்டி புளூரேயும் ஓட்டும், பழைய டிவிடியையும் 1080 கோட்டுக்கு உயர்த்திக் காட்டும். "சின்னப்பிள்ளையளின்ரை சாமானுக்கு இவ்வளவு காசோ?" என்று மனிசி ரெண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஸ்காபரோவில் அடுக்குமாடி வீடு. முன்னுக்கு மூன்று ஸ்பீக்கர், பின்னுக்கு ரெண்டு, மூலையில் ஒரு சப்வூஃபர். எல்லாம் பூட்டிப் படத்தைப் போட்டால் பின்னுக்கு ஒழுங்கான சத்தம் இல்லை. பிழை என்னில்தான். ஒப்டிக்கல் வயரைக் கொழுவிவிட்டு, செற்றிங்கில் லீனியர் பிசிஎம் என்று விட்டிருந்தேன். அந்த வயரில் பிசிஎம் ஆகப் போனால் ரெண்டு சனல்தான் போகும். பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றினால்தான் டொல்பியும் டிடிஎஸ்ஸும் 5.1 ஆக வந்துசேரும். புளூரேயின் ட்ரூ எச்டி போன்ற முழுத்தரச் சத்தத்துக்கு அதுவும் போதாது. எச்டிஎம்ஐ வேணும். முதல் வந்த பிளேஸ்டேசன் 3 அந்தச் சத்தத்தை அப்படியே அனுப்பாது, தானே பிரித்துப் பல சனல் பிசிஎம் ஆக அனுப்பும். 2009 இல் வந்த மெல்லிய மொடலில்தான் அப்படியே அனுப்பலாம். இவ்வளவையும் விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் போனது.

2010 இல் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். எனக்குப் புழுகம் தாங்கவில்லை. அப்பாவை நடுச் சோபாவில் இருத்திவிட்டு 'அபொகலிப்ஸ் நவ்' புளூரேயைப் போட்டேன். 1979 இல் வந்த படம். இண்டைக்கு நாங்கள் 5.1 என்கிற முறைக்கு வழி காட்டின படங்களில் ஒன்று. தொடக்கத்திலேயே ஹெலிகொப்டர் சத்தம் அறையைச் சுற்றிவரும். வோல்டர் மேர்ச் என்பவரின் வேலை, ஒஸ்கார் வாங்கின வேலை.

சத்தம் பின்னுக்குப் போனது. அப்பா எழும்பினார். ஒன்றும் சொல்லவில்லை. பல்கனிக் கதவைத் திறந்து, வெளியில் நின்று மேலே பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, அது படத்திலை" என்றா அம்மா.

நான் டிஸ்க்கை நிப்பாட்டினேன். வெட்கமாக இருந்தது.

1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யாராவது ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தால் ஒழுங்கை முழுக்க வந்துவிடும். ஜெனரேற்றரைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்திவிட்டு, கிணத்தடிக்கு அங்காலை வைப்போம். அது போடுற சத்தத்தில் வானத்துச் சத்தம் கேட்காது. அதனால் ஒராள் தள்ளிப்போய் வெளியில் நிற்கவேணும். எங்கள் வீட்டில் அது எப்பவும் அப்பாதான். நாங்கள் விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். அப்பா வேலியடியில் நின்று வானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஒரு படத்தையும் முழுசாய்ப் பார்த்ததில்லை. இது எனக்கு அந்தப் பல்கனிக் கதவடியில்தான் உறைத்தது. நாங்கள் நிம்மதியாய்ப் படம் பார்க்க அவர் எத்தனை இரவு முழிச்சிருந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த கிழமை ஒரு புதுத் தமிழ்ப் படம் போட்டேன். அப்பா பத்து நிமிசம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, வெடிதான் கேக்குது. சனம் கதைக்கிறது ஒண்டும் கேக்குதில்லை."

மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். 5.1 இல் ஆட்கள் கதைப்பது பெரும்பாலும் நடு ஸ்பீக்கரால்தான் வரும். நான் அதை ரீவி மேசைக்குக் கீழே, நிலத்தில் வைத்திருந்தேன். தூக்கிக் காது மட்டத்துக்கு வைத்தேன். றிசீவரில் அதுக்கு மட்டும் நாலு டெசிபல் கூட்டினேன். நைற் மோட் போட்டேன். அது பெரிய சத்தத்தை அமத்தி, சின்னச் சத்தத்தைத் தூக்கித் தரும். சப்வூஃபரைப் பாதியாய்க் குறைத்தேன். கீழ்வீட்டுக்காரரும் சந்தோசப்பட்டிருப்பார்.

பிறகு 'தில்லானா மோகனாம்பாள்' டிவிடியைப் போட்டேன். 1968 இல் வந்த படம். ரெண்டு சனலிலும் ஒரே சத்தம். டொல்பி புரோ லொஜிக் அப்படியானதை முழுவதுமாய் நடு ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடும். காசு கொட்டி வாங்கின பின் ஸ்பீக்கர் ரெண்டும் படம் முடியுமட்டும் வாய் திறக்கவில்லை.

அப்பா நாதஸ்வரத்துக்குத் தொடையில் தாளம் போட்டார். பாலையாவுக்குச் சிரித்தார். கடைசி அரை மணித்தியாலம் நல்ல நித்திரை. அம்மா எழுப்பப் பார்த்தா. நான் விடவில்லை.

அதையும் நான் முழுசாய்ப் பார்த்த கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன். நித்திரை கொண்டாலும், அப்பா அண்டைக்கு வெளியில் போகவில்லை.