எவ்வளவு கொடுக்கும்?

ஸ்கூட்டர் வாங்கப் போகிற தமிழர் கடையில் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' 2023-ல் நானும் ஒரு ஸ்கூட்டர் பார்க்கப் போய் அதையேதான் கேட்டேன். ஒரே வித்தியாசம், இது தண்ணீருக்கடியில் ஓடுகிற ஸ்கூட்டர்.

சிரிக்காதீர்கள். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. முன்பக்கம் பாட்டரி, பின்பக்கம் மோட்டார், ஒரு ப்ரொப்பெல்லர். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு டைவ் அடிக்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் காலை ஆட்ட வேண்டாம், அது இழுத்துக்கொண்டு போகும். ஜேம்ஸ் பாண்டின் 'தண்டர்பால்' (1965) பார்த்திருந்தால் ஞாபகம் வரும்.

எனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். எனக்கு இல்லை, என் மனைவிக்கு. அந்தமான் ஹேவ்லாக்கில் (இன்றைய ஸ்வராஜ் த்வீப்) நாற்பத்தாறு வயதில் டைவிங் கற்றுக்கொண்டவள். 'மாமியார், மருமகள், செல்போன், காஸ்காரன் யாரும் கூப்பிட முடியாத ஒரே இடம்' என்பாள். நாலு வருஷம் முன்பு முழங்காலில் மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்பு கிழிந்து ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் நல்லவர். நடக்கலாம், நீந்தலாம், ஆனால் காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து உதைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆட்டோவில் வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் டைவிங் பையை எடுத்துப் பரண்மேல் போட்டாள். அந்தப் பை கீழே இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஸ்கூட்டர் ஆராய்ச்சி.

சந்தையில் இரண்டு ஜாதி. ஒன்று, சப்ளூ போன்ற கம்பெனிகள் செய்யும் குட்டி. கைக்கு ஒன்றாக இரண்டு ப்ரொப்பெல்லர், நாலு கிலோவுக்குள் எடை, சூட்கேஸில் வைத்துவிடலாம். இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். அரைமணியில் தோள் வலிக்கும். இன்னொன்று, டார்பிடோ சைஸில் இருக்கும் பெரியது. இதைக் கையால் பிடித்துத் தொங்க வேண்டாம். ஒரு கயிறு நம் தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையின் வளையத்தில் மாட்டியிருக்கும். வண்டி இழுப்பது இடுப்பை. கையால் திசை மட்டும் காட்டினால் போதும்.

இனி மைலேஜ் கணக்கு. தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நாலு மடங்கு. அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள், வேகத்தைப் பாதியாக்கினால் அதே பாட்டரி எட்டு மடங்கு நேரம் வரும், நாலு மடங்கு தூரம் போகும். மோட்டார் நஷ்டம் போக நிஜத்தில் கொஞ்சம் குறையும். ஆகவே 'இரண்டு மணி நேரம் ஓடும்' என்று யாராவது சொன்னால், 'எந்த ஸ்பீடில் ஸார்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமை ஸ்பீடாக இருக்கும்.

அடுத்தது விமானம். லித்தியம் பாட்டரி 100 வாட்-அவர் வரை பிரச்னை இல்லை. 160 வரை விமானக் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மேலே பயணியோடு கூட்டிப் போக முடியாது. பெரிய ஸ்கூட்டர் பலவற்றின் பாட்டரி இதைத் தாண்டிவிடும். இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ப்ளாக்டிப் என்கிற ஸ்கூட்டர், தச்சர் வைத்திருக்கிற ட்ரில்லிங் மெஷின் பாட்டரியில் ஓடும். உடம்பை மட்டும் எடுத்துப் போய், போன ஊரில் பாட்டரி வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, கனம், விமானம், விலை எல்லாம் பார்த்து ஆளுக்கொரு குட்டி வாங்குவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். வாங்கும் முன் வாடகைக்கு ஓட்டிப் பார்ப்போம் என்று, மால்ட்டா போனபோது ஒரு டைவிங் கடையில் நுழைந்தேன். மால்ட்டாவில் கரையிலிருந்தே நீந்திப் போய் மூழ்கிய கப்பல்களைப் பார்க்கலாம். அதனால் ஸ்கூட்டர் வாடகை அங்கே சகஜம்.

கடைக்காரருக்கு என் வயசு இருக்கும். நான் சொன்ன எல்லாக் கணக்கையும் பொறுமையாகக் கேட்டார். மனைவியின் முழங்கால் கதையையும் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"நடுவழியில் அவர் வண்டி நின்றுவிட்டால்?"

எனக்குப் பதில் வரவில்லை. எவ்வளவு எளிய கேள்வி! கால் நன்றாக இருப்பவர்கள் நீந்தித் திரும்பிவிடலாம். அதனால்தான் 'நீந்தித் திரும்ப முடிகிற தூரத்துக்கு மேல் ஸ்கூட்டரில் போகாதே' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அவளோ உதைக்கவே கூடாதவள். ஸ்கூட்டர் அவள் பிரச்னையைத் தீர்க்கவில்லை, கரையில் இருந்த பிரச்னையை முந்நூறு மீட்டர் கடலுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. அவ்வளவுதான். குகைகளுக்குள் டைவ் அடிக்கிற கில்லாடிகள் பின்னால் இன்னொரு ஸ்கூட்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே கேள்வி, 'எவ்வளவு கொடுக்கும்?' அல்ல. 'இரண்டு பேரை இழுக்குமா?' குட்டி ஸ்கூட்டர் நம் கனத்துக்கு ஒருவரை இழுப்பதே உபகாரம். பெரியது இரண்டு பேரையும் இழுக்கும், மெதுவாக. கடைக்காரர் இரண்டு பெரியதை எடுத்து வைத்தார். "கப்பல் நாளைக்கு. இன்றைக்கு ஆறு மீட்டரில் ஒருவரை ஒருவர் இழுத்துப் பழகுங்கள்" என்றார்.

பழகினோம். இன்னொரு பாடமும் சொன்னார். ஸ்கூட்டரை மேல்நோக்கித் திருப்பி விசையை அழுத்தவே கூடாது. டைவர் மேலே வருவது நிமிஷத்துக்கு 9 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்கூட்டரோ நிமிஷத்துக்கு ஐம்பது மீட்டர் போகும். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காகும். மூச்சைப் பிடித்திருந்தால் நுரையீரல் கிழியும்.

மறுநாள் சிர்க்கேவ்வா. 1992-ல் மூழ்கடித்த ரோஸி என்ற இழுவைப் படகும், 2007-ல் மூழ்கடித்த பி29 என்ற ரோந்துக் கப்பலும் 35 மீட்டர் வாக்கில் கிடக்கின்றன. பி29 டைவர்களுக்காகவே மூழ்கடித்தது. நாங்கள் 28-க்குக் கீழே போகாமல் பி29-ஐ மேலிருந்தே சுற்றி வந்தோம். அவள் காலைத் துளி ஆட்டாமல், பருந்து மாதிரி போனாள். முகமூடிக்குள் அவள் சிரித்தது தெரிந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு.

திரும்பும்போது பத்து மீட்டர் ஆழத்தில், பாறை ஓரமாக வந்துகொண்டிருக்கையில், ஒரு வண்டி மூச்சை விட்டது. அவளுடையது இல்லை, என்னுடையது. தப்பு வண்டி மேல் இல்லை. எட்டு மடங்குக் கணக்கை உங்களுக்குச் சொன்னவன், போகும்போது உற்சாகத்தில் டாப் ஸ்பீடில் போய்விட்டான்! என் பழைய ஸ்கூட்டராக இருந்தால் ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்திருப்பேன்.

அவள் திரும்பி வந்தாள். 'ஓகேவா?' என்று விரலால் கேட்டாள். தன் இடுப்புப் பட்டையின் பின்வளையத்தைக் காட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். சீராக, மெதுவாகக் கரைவரை இழுத்து வந்தாள்.

இதே மால்ட்டாத் துறைமுகத்தை 1941 ஜூலையில் இத்தாலியர்கள் தாக்க வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்ததில் ஒன்று, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து ஓட்டும் டார்பிடோ. 'மையாலே', அதாவது பன்றி என்று பட்டப்பெயர். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான தெசேயோ தெசேய் அந்தத் தாக்குதலில்தான் செத்துப்போனார். தண்ணீருக்கடியில் டபுள்ஸ் போகும் வழக்கம் எங்களிடம் ஆரம்பித்ததில்லை.

ஸ்கூட்டர் வாங்கினோமா? இல்லை. போகிற ஊரில் இரண்டு பெரியதாக வாடகைக்கு எடுப்பது என்று முடிவு. நீங்கள் ஆழமில்லாத இடத்தில், கரை கண்ணில் படும் தூரத்தில் விளையாடப் போகிறீர்கள் என்றால் குட்டியே தாராளம். தூரம் போவதென்றால், கூட வருபவரை இழுக்க முடிகிற வண்டியாகப் பாருங்கள். இழுக்கப் பழகிக்கொண்டு போங்கள்.

கரையேறியதும் சொன்னாள்: "இருபத்தெட்டு வருஷமா உங்க பின்னாடி உக்காந்து வந்தேன். ஒரு தடவையாவது ஸ்பீடைக் குறைங்கன்னு சொன்னதைக் கேட்டிருக்கீங்களா?"

பரண்மேல் அந்தப் பை இப்போது இல்லை.