சந்தனக்கட்டையும் ஒரு குப்பி எண்ணெயும்

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு வைகாசிக்குச் சில நாட்கள் முன்னர் கொழும்பு வந்திருந்தார். விடைபெறும்போது சிறு கண்ணாடிக் குப்பியொன்றை என் கையில் வைத்தார். பத்து மில்லிலீற்றர் சந்தன எண்ணெய். "வற்றாப்பளை அம்மனுக்குக் கொடுத்துவிடு. என் அம்மா நேர்ந்துகொண்டது" என்றார். அவருடைய அம்மா இப்போது இல்லை. வாங்க மறுப்பதற்கு எனக்கு வழியிருக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குச் சென்றதும் முதல்வேலையாக அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது, மூக்கு மங்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நல்ல வாசம்தான் தம்பி. ஆனால் உதை அம்மனுக்கு என்னெண்டு பூசுறது? சந்தனமெண்டால் குளிரவேணும்."

வற்றாப்பளையில் பிறந்தவர்களுக்கு இந்தப் பதிலை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையை எரித்த சினம் அடங்காமல் இலங்கைக்கு வந்த கண்ணகி பத்து இடங்களில் தங்கினாள் என்றும், பத்தாவது தங்குமிடமான பத்தாம்பளையே வற்றாப்பளை ஆயிற்று என்றும் எங்களூரில் சொல்வார்கள். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவி வடிவில் வந்தவளுக்கு அவர்கள் பொங்கிப் படைத்தார்கள்; எண்ணெய் இல்லாததால் கடல்நீரை ஊற்றி விளக்கேற்றினார்கள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில்தான் விளக்கெரிகிறது. எரிந்து வந்தவளைக் குளிர்விக்கும் ஊர் அது. அங்கே சந்தனம் என்பது கல்லில் நீர்விட்டு அரைத்த குழம்பு. எண்ணெய்க்கு அம்மாவின் கணக்கில் இடமில்லை.

நானோ நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் காலம் கழித்தவன். கையில் ஒரு பொருள் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்கமுடியாத நோய் எனக்கு உண்டு. குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, அதற்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட திரவத்தின் கதையைத் தேடத் தொடங்கினேன்.

சந்தன மரத்தின் வெளிமரத்தில் மணமில்லை. வன்னியிலே முதிரைக்கும் பாலைக்கும் சொல்வதுபோல, 'வைரம்' எனப்படும் உள்மரத்தில்தான் எண்ணெய் இருக்கிறது. வைரம் பாயப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். நன்கு முற்ற முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அந்த வைரத்தைச் சீவித் தூளாக்கிக் கலனில் இட்டு நீராவியைச் செலுத்துவார்கள். எண்ணெயின் முக்கிய கூறான சந்தலோல் தனியாகக் கொதிக்க 300 பாகை செல்சியசு அளவு வெப்பம் வேண்டும். நீராவியோ அதை 100 பாகைக்கு அண்மையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து வருகிறது. அதனால் ஒருமுறை வடித்து முடிக்க இரண்டு மூன்று நாட்கள்கூடச் செல்லும். குளிர்ந்து வடியும் நீரின்மேல் மஞ்சள் படலமாக எண்ணெய் மிதக்கும். நல்ல வைரமானால் 100 கிலோ மரத்திலிருந்து நான்கு முதல் ஆறு கிலோ வரை கிடைக்கும்.

முதலாம் உலகப்போருக்கு முன்னர் மைசூர் அரசு சந்தனக் கட்டைகளை ஏலம்விட்டு விற்றுக்கொண்டிருந்தது. அவற்றில் பெரும்பங்கு ஜேர்மனிக்குக் கப்பலேறி, அங்கே வடிக்கப்பட்டது. வாசனைக்கு மட்டுமன்று, பெனிசிலின் வருவதற்கு முந்திய ஐரோப்பாவில் மேகவெட்டை நோய்க்குச் சந்தன எண்ணெய்தான் மருந்து. (ஊதுபத்தி கொளுத்தும்போது இதை நினைக்காதிருப்பது நல்லது.) 1914 இல் போர் மூண்டதும் வாங்குவோர் இல்லாமல் கட்டைகள் தேங்கின. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், திவான் விஸ்வேஸ்வரய்யா. தொழிற்றுறைப் பணிப்பாளர் ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோ, வாட்சன் ஆகிய இரசாயன அறிஞர்கள் வடிக்கும் முறையை வகுத்தார்கள். 1916–17 இல் பெங்களூரிலும் மைசூரிலும் வடிசாலைகள் எழுந்தன. எங்கள் வீடுகளில் கலியாண நாட்களில் மட்டும் வெளியே எடுக்கப்பட்ட அந்த மைசூர் சந்தனச் சவர்க்காரம் அதன் பின்வந்தது.

ஒரு விடயம் என்னை உறுத்தியது. மற்ற மரங்களைத் தறிப்பார்கள். சந்தனத்தை வேரோடு கிண்டி எடுப்பார்கள். வேரிலேதான் எண்ணெய் மிகுதி. தறித்தால் அடிவேரிலிருந்து தளிர்க்கக்கூடிய மரம், கிண்டியபின் எங்கிருந்து தளிர்க்கும்? 1792 இல் திப்பு சுல்தான் அதை அரச மரம் என்று அறிவித்ததிலிருந்து, தன் தோட்டத்தில் முளைத்த சந்தனமும் விவசாயிக்குச் சொந்தமாகவில்லை. சொந்தமில்லாத மரத்தை எவன் வளர்ப்பான்? முளையிலேயே கிள்ளினார்கள். கர்நாடகம் 2001 இலும் தமிழ்நாடு 2002 இலும் சட்டத்தைத் திருத்தி, மரம் நிலக்காரருக்கே உரியது என்றாக்கின. 2004 ஒக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்ட செய்தியை முதற்பக்கத்தில் ஏற்றிய இரவு எனக்கு நினைவிருக்கிறது. அதற்குள் காடுகளில் பெருமரங்கள் அருகிவிட்டன. அதே இந்தியச் சந்தனத்தை இன்று வடமேற்கு அவுஸ்திரேலியாவின் குனுனுராவில் பெருந்தோட்டங்களாக வளர்த்து வடிக்கிறார்கள். அத்தர் வடிக்கும் கன்னோசியில் ரோசாவின் ஆவியைப் பிடித்து வைத்திருக்கச் சந்தன எண்ணெயைத்தான் அடியில் வைப்பது வழக்கம். விலை ஏறியபின் பலர் அந்த இடத்தில் கனிய எண்ணெயை வைக்கிறார்கள்.

சேரன் செங்குட்டுவனுக்கு மலைவாழ் மக்கள் கொண்டுவந்த காணிக்கைகளில் சந்தனமும் அகிலும் இருந்தன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கண்ணகியின் செய்தியைச் சொன்னவர்களும் அதே மக்கள்தான். எங்கள் அம்மனுக்கும் சந்தனத்துக்கும் உறவு அவ்வளவு பழையது.

இனி அம்மாவின் கட்டைக்கு வருகிறேன்.

1958 இல் அம்மாவின் கலியாணத்துக்கு முன்னர் அவருடைய தகப்பனார் திருவாதிரைக்குச் சிதம்பரம் போனார். தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கும் காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றபின் அந்தப் பாதை போயிற்று. திரும்பி வரும்போது சீதனத்தோடு சேர்த்துக்கொடுக்க ஒரு சந்தனக்கட்டை வாங்கி வந்தார். ஒரு சாணும் நாலு விரலும் நீளம், பெருவிரல் பருமன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதை நாலு சுற்று அரைப்பார். பொங்கலுக்குக் கொஞ்சம் கூட.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். அந்தக் கட்டை புதிதாக இருந்தபோது 130, 140 கிராம் நிறை இருந்திருக்கலாம். அதை அப்படியே தூளாக்கி வடித்திருந்தால், நண்பர் தந்த குப்பி முழுதாக நிரம்பியிராது. அம்மாவோ அதை அறுபது ஆண்டுகளுக்கு மேல் அரைத்துக்கொண்டிருக்கிறார்.

இடையிலே ஒருமுறைதான் அதில் கத்தி பட்டது.

2009 இன் தொடக்கத்தில் ஐயாவும் அம்மாவும் வற்றாப்பளையை விட்டு வெளியேறினார்கள். கல்லைத் தூக்கமுடியாது, கட்டையை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார் அம்மா. ஏப்ரலில் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் எறிகணை வீச்சில் ஐயா இறந்தார். சிதை இல்லை, விறகு இல்லை, கொள்ளி வைக்க மகன் இல்லை. மகன் கொழும்பில் அலுவலக மேசையில் இருந்து, இருதரப்பு அறிக்கைகளையும் ஒப்பிட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தான். பதுங்குகுழியாக வெட்டியிருந்த கிடங்கிலேயே ஐயாவை வைத்தார்கள். சிதையில் இடவேண்டிய சந்தனத்தை அம்மா அந்தக் கட்டையிலிருந்து செதுக்கி நெஞ்சின்மேல் வைத்தார். அவர் இறந்ததை நான் அறிந்தது ஐந்து வாரங்களின் பின். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து ஒருவர் கடத்திக்கொடுத்த துண்டுக் காகிதத்தில்.

அந்த வைகாசியில் ஊரில் எவரும் இருக்கவில்லை. மீளக் குடியேற விட்டபோது வீட்டில் கதவுநிலைகள் இல்லை, ஓடுகள் இல்லை. கிணற்றடியில் சந்தனக்கல் மட்டும் கிடந்தது. கல்லை எவர் எடுப்பார்? கழுவிவைத்துவிட்டு அன்றைக்கே அரைத்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

கட்டை இப்போது என் சுண்டுவிரலிலும் குட்டை. "இருக்கிறது எனக்கு" என்கிறார் அம்மா. தன் சிதையில் வைப்பதற்கு என்று பொருள். ஆனால் வெள்ளிக்கிழமை அரைப்பதை நிறுத்துகிறாரா என்றால் இல்லை. நிறுத்தும்படி ஒருமுறை சொன்னேன். "அம்மனுக்குக் குறைச்சு எனக்குச் சேர்க்கிறதோ?" என்று கேட்டார். வேறு கட்டை வாங்கிவரலாம் என்று கொழும்பில் அலைந்தேன். சந்தனம் என்று தந்தவற்றில் இரண்டு, வேறேதோ மரத்தில் வாசனை தெளித்தவை. முதல்நாள் கல்லில் உரசியதும் குட்டு வெளிப்பட்டது. மூன்றாவது உண்மையாக இருக்கலாம். அம்மா முகர்ந்துவிட்டு அலுமாரியில் வைத்தார், அங்கேயே இருக்கிறது.

குப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு துளியைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல சந்தன எண்ணெயின் மணம் நாட்கணக்கில் நிற்கும். இது மறுநாளே போயிற்று. எண்ணெய்க்கறை மட்டும் அப்படியே நின்றது. நண்பர் பெரிய விலை கொடுத்திருப்பார். கோயிலில் கொடுத்தாயிற்றா என்று இரண்டுமுறை கேட்டு எழுதிவிட்டார். நான் இன்னும் பதில் எழுதவில்லை. செய்திகளைச் சரிபார்த்தே வாழ்ந்தவன், இறந்துபோன ஒரு தாயின் நேர்த்தியைச் சரிபார்த்திருக்கத் தேவையில்லை.

பொங்கலன்று காலை அம்மா கல்லடியில் இருந்தார். முல்லைத்தீவு வீதியெங்கும் காவடிகளும் வாகனங்களும். விரல்நுனியால் நீர் தெளித்துத் தெளித்து அரைத்துக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுகளாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்.

"ஐயாவுக்கு எவ்வளவு துண்டு வைச்சனீங்கள் அம்மா?"

அரைப்பதை நிறுத்தாமல் இடதுகையின் பெருவிரல் நகத்தைக் காட்டினார். பிறகு, கட்டையின் மறுமுனையில் கத்தி பட்ட சரிவு என் பக்கம் தெரியும்படி அதைத் திருப்பிப் பிடித்தார்.