விடிய விடியக் கேட்கும் சங்கீதம்

சங்கீதம் கேட்பதற்கு நாற்காலியும், நுழைவுச் சீட்டும், மணி அடித்ததும் மூடிக்கொள்ளும் கதவும் இன்றியமையாதவை என்று நம்புகிறவர்களோடு எனக்கு விவாதமில்லை. ஆயினும், பங்குனி பிறந்தது முதல் ஆடி கழியும் வரையில், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் ஏதேனும் ஒரு திரௌபதை அம்மன் கோயில் முன்னே கோரைப்பாயை விரித்துப் போட்டு, பக்கத்திலிருப்பவர் யார் என்று கேளாமலே அவர் நீட்டும் வெற்றிலையை வாங்கி மென்றவாறு, கிழக்கு வெளுக்கும் வரை தெருக்கூத்துக் கேட்டுப் பழகிய ஒருவனுக்குச் சபா மண்டபத்தின் சௌகரியங்கள் சற்று மூச்சு முட்டுவனவாகவே இருக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்கள் பிள்ளைச்சாவடிப் பெரியவர்களில் சிலர் கூத்தைக் கண்ணை மூடிக்கொண்டே அனுபவிப்பார்கள். மேடையில் நிற்பவன் துரியோதனனா, கர்ணனா என்பதைக் குரலைக் கொண்டும் மிருதங்கச் சொல்லைக் கொண்டும் அவர்கள் கண்டுகொள்வார்கள்.

இரவு பத்து மணிக்குமேல் களரி கட்டுகிறார்கள். மிருதங்கமும் தாளமும் ஆர்மோனியமும் கூடி எழுப்பும் முழக்கத்தின்மேல், உருவில் சிறிய முகவீணை, அதற்குச் சற்றும் பொருந்தாத உக்கிரத்தோடு வீறிட்டெழும்போது, வயலுக்கு அப்பாலுள்ள ஊர்களில் தூங்கப் போனவர்களும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். பிறகு இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். அதன் கீழே சலங்கை கட்டிய பாதங்கள் மாத்திரம் தெரிகின்றன, மேலே கிரீடத்தின் நுனி. கர்ணன் இன்னும் வெளிப்படாமல், திரைக்குள் நின்றவாறே தன் வரவைப் பாடுகிறான். அவன் ஓர் அடியைப் பாடி விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திக்கொண்டு திரும்பப் பாட, அந்த இடைவெளியில் அவன் மூச்சு வாங்கி, ஒரு கிறுக்கி சுழன்று, அடுத்த அடிக்கு ஆயத்தமாகிறான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திடலின் கடைசிப் பாய் வரைக்கும் எட்டியாக வேண்டிய குரல் அது. ஆகையால் அதில் நளினம் கிடையாது. உச்ச ஸ்தாயியில், தொண்டையின் கரகரப்பை மறைக்கும் எண்ணமே இல்லாமல், நெஞ்சிலிருந்து நேரே புறப்பட்டு வருகிற குரல்.

இதே குரலை மறுபடியும் நான் கேட்டது பிரான்சு தேசத்தின் தென்மேற்கில் ஒரு சிற்றூரில். என் மைத்துனர், எங்கள் பக்கத்தார் பலரைப் போலவே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஊழியம் செய்து பென்ஷன் பெற்றவர். ஊரில் அவருக்கு இன்றைக்கும் ‘சொல்தா’ என்றுதான் பெயர். அவர் வீட்டுக்குக் கோடைக்கு வந்திருந்த எங்களை, பக்கத்துக் கிராமத்தில் ‘ப்ளூஸ்’ இருக்கிறது, போகலாம் என்று அழைத்துப் போனார். மேரி என்னும் ஊராட்சி மன்றக் கட்டடத்துக்கும் மாதா கோயிலுக்கும் நடுவே பெரிய மரங்கள் சூழ்ந்த சதுக்கம். நீண்ட பலகைகளைக் கால்களின்மேல் ஏற்றிச் செய்த மேஜைகள். ரொட்டி, வாத்துக் கறி, திராட்சை மது. லாரியின் பின்பலகையே மேடை. இரவு ஒன்பதரை ஆகியும் பொழுது சாயவில்லை. கித்தார், மவுத் ஆர்கன், டிரம் ஆகியவற்றோடு நின்ற பாடகர், வாரநாட்களில் தச்சு வேலை செய்கிறவராம். அவர் ஓர் அடியைப் பாடினார். அதையே மீண்டும் பாடினார். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் கித்தார் பின்பாட்டுப் பாடியது. மூன்றாம் அடியில் பதில் வந்தது. காந்தாரத்தைச் சாதாரணத்திலும் நிறுத்தாமல் அந்தரத்துக்கும் ஏற்றாமல் இரண்டுக்கும் நடுவே இழுத்துத் தேய்த்த அந்தப் பிரயோகம், முகாரியில் ஊறிய காதுக்கு அந்நியமாகப் படவில்லை. “என்ன மச்சான், நம்ம ஊருக் கூத்து மாதிரியே இழுக்குறான்ல?” என்றார் மைத்துனர், ஒரு வாத்துத் துண்டை என் தட்டில் தள்ளியவாறு.

மிசிசிப்பி நதி தீரத்துப் பருத்திக் காடுகளில், அடிமைத்தளையிலிருந்து சட்டப்படி விடுபட்டும் வறுமையிலிருந்தும் அவமானத்திலிருந்தும் விடுபடாத கறுப்பின மக்களின் சந்ததியார் பாடிப் பாடி உருவாக்கிய சங்கீதம் ப்ளூஸ். அதை மதித்து வரவேற்றதில் பிரெஞ்சுக்காரருக்கு ஒரு சரித்திரம் உண்டு. மோந்தோபான் நகரில் வாழ்ந்த விமர்சகர் யூக் பனாசியே போன்றவர்களின் முயற்சியால் 1951இல் பிக் பில் ப்ரூன்சி பிரான்சுக்கு வந்து பாடினார். மெம்பிஸ் ஸ்லிம் 1962இல் பாரீசில் குடியேறி, 1988இல் அங்கேயே காலமானார். சொந்த நாட்டில் முன்வாசல் வழியே நுழைய முடியாதவர்களுக்குப் பிரான்சில் மாலையும் மரியாதையும் கிடைத்தன. 1982இல் காஓர் நகரிலும், 1994இல் கோன்யாக்கிலும் ப்ளூஸ் உற்சவம் தொடங்கியது. மார்சியாக் என்னும் சின்னஞ்சிறு ஊர் 1978 முதல் நடத்தும் ஜாஸ் உற்சவத்துக்கு உலகெங்கிலுமிருந்து ரசிகர்கள் வந்து குவிகிறார்கள்.

பிறர் துக்கத்தை மதுவோடும் மாமிசத்தோடும் சுவைப்பது தர்மமா என்று எனக்கு அன்றிரவு ஒரு சந்தேகம் எழுந்ததுண்டு. ஆனால் நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? நடு நாட்டிலும் தொண்டை நாட்டிலும் துக்க வீட்டார் கருமாதி இரவன்று கர்ண மோட்சம் ஆடுவிப்பது நெடுநாளைய வழக்கம். பொன்னுருவி தன் கணவன் கர்ணனை இழித்துப் பேசும் இடத்தில் சிரித்துக்கொண்டும், கட்டியக்காரனின் குறும்புக்குக் காசு கொடுத்துப் பெயர் சொல்லச் சொல்லிக்கொண்டும், சுக்குக் காப்பி குடித்துக்கொண்டும் இருக்கிற அதே ஜனங்கள்தாம், குந்தி மகனை மடியில் கிடத்திப் புலம்பும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். துக்கத்தை நாலு பேர் நடுவில் உரக்கப் பாடிவிட்டால் அதில் ஓர் ஆனந்தம் பிறக்கிறது. அதைச் சாப்பாட்டோடு கேட்டால் அபசாரம் ஆகிவிடாது.

கூத்தின் அருமையைப் பிரெஞ்சுக்காரரே வந்து அறிந்துகொண்டதும் உண்டு. அரியான் ம்னூஷ்கின் என்னும் அம்மையாரின் நாடகக் குழு புதுச்சேரியில் வந்து தங்கி, புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் தெருக்கூத்துப் பயின்று, பாரதக் கதைக் காட்சிகளைச் சேர்த்து ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தை 2016இல் பாரீசின் வான்சேன் வனத்தில், பழைய தோட்டாத் தொழிற்சாலையான தங்கள் அரங்கில் நடத்தியது. பெருமைதான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே, அடுத்த தெருவில் ஆடும் கூத்தைப் பாராமல் தூங்கப் போகிறவர்களையும் நான் அறிவேன்.

பிரான்சு தேசத்தில் நான் பொறாமைப்பட்டது இரண்டு விஷயங்களுக்காக. கிராமத்து உற்சவத்தை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சிறு சங்கத்தார். மேஜை தூக்குவதும் தட்டுக் கழுவுவதும் ஊராரே. இது நமக்குப் புதிதன்று. தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்தும் ஊர்தானே நம்முடையதும்! இரண்டாவதுதான் நமக்கு இல்லாதது: பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டும் கலைஞருக்கு, வேலையில்லாத நாட்களில் அங்கே உதவித்தொகை உண்டு. இரவுக்கு எட்டு மணி நேரம் ஆடுகிற நம் கூத்தரை வெறும் மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டால், அறுபத்து நான்கு இரவில் அவர் இதைக் கடந்துவிடுவார். கடந்து என்ன பயன்? ஆடி கழிந்ததும் அவர் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நாற்று நடவும் சித்தாள் வேலைக்கும் போகிறார்.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்கார் செய்யட்டும். ஊர்ப் பெரியதனக்காரர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: இந்த வருஷத்து வரிப்பணத்தைப் பங்கிடும்போது, சீரியல் விளக்குக்கும் ஆளுயர ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கியது போக மிச்சத்தைக் கூத்துக்குக் கொடுக்காமல், கூத்துக்கு முதலில் ஒதுக்குங்கள்; ஓர் இரவை மூன்று மணி நேரமாகச் சுருக்கச் சொல்லாதீர்கள். கேட்க வருகிறவர்களும் பாதியில் எழுந்து போக வேண்டாம். கர்ணன் விழுவது விடியற்காலம் நாலு மணிக்குமேல்தான்.