அவருக்குக் கேட்காத சத்தம்

இந்த வயதில் எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை! பதறாதீர்கள், வந்தது ஒரு கார்தான். 1978ல் செய்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்.

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் பல வருஷமாகக் குடித்தனம் செய்கிறோம். இதே ஊரில், கேன்லி என்ற பகுதியில் இருந்த தொழிற்சாலையிலேதான் 1980 வரை இந்த வண்டிகளைச் செய்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தி, "உள்ளூர்ப் பொண்ணுதான், சீக்கிரம் பழகிடுவா" என்றார்.

எனக்கும் அதன்மேல் ஒரு ஆசை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் அப்பா வைத்திருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் தயாரான அந்த வண்டிக்கும் இந்த ஸ்பிட்ஃபயருக்கும் உருவம் கொடுத்தவர் ஒரே ஆள்தான், மிக்கலாட்டி என்ற இத்தாலியர். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் பிளப்பது போல் எழும்பும். அப்பா அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, "வண்டி பேசும்மா, நாமதான் காது கொடுத்துக் கேக்கணும்" என்பார்.

போன வசந்த காலத்தில் வண்டி பேச ஆரம்பித்தது. மெதுவாகப் போகும்போது, என் முதுகுக்குப் பின்னாலிருந்து கீச்... கீச்... என்று ஒரு சத்தம். சிட்டுக்குருவி குஞ்சு கத்துவது மாதிரி!

"ஏங்க, ஏதோ சத்தம் வருதே?"

"ஒண்ணும் வரலையே. பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும்."

அடுத்த வாரமும் சொன்னேன். "உனக்கு எப்பவும் ஏதாவது ஒரு பயம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷமாகவே அப்படித்தான். எதைச் சொன்னாலும் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேத்தி டெலிபோனில் கூப்பிட்டால், "சரி சரி, பாட்டிகிட்ட பேசு" என்று என்னிடம் நீட்டிவிடுவார். வயசாக ஆக மனுஷருக்கு என் பேச்சு மட்டுமல்ல, குழந்தையின் பேச்சும் வேண்டாததாகிவிட்டதே என்று இரவில் தனியாக அழுதிருக்கிறேன்.

அந்த ரோஷத்திலேதான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மிக்ஸி சத்தத்தை வைத்தே தேங்காய் அரைபட்டதா என்று சொல்கிறோம். குக்கர் விசிலிலேயே பருப்பு குழைந்ததைத் தெரிந்துகொள்கிறோம். ஒரு காரின் சத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்று குறிப்போமே, அப்படி எழுத ஆரம்பித்தேன்.

முதல் கேள்வி: சத்தம் எஞ்சினோடு வருகிறதா, ஓட்டத்தோடு வருகிறதா? வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னேன். சத்தம் இல்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை. கிளட்சை மிதித்தும் விட்டும் பார்த்தோம். மிதிக்கும்போது சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகப்படலாம். மிதித்தால் அடங்கி, விட்டால் உறுமினால் கியர் பெட்டியின் பேரிங் மேல் சந்தேகப்படலாம். இரண்டும் இல்லை. வீட்டு வாசலில் லேசான சரிவு உண்டு. நியூட்ரலிலேயே மெல்ல உருளவிட்டபோது, கீச்... கீச்...! ஆக, கோளாறு கியர் பெட்டிக்குப் பின்னால்தான் என்று தெரிந்துபோயிற்று.

அங்கே என்னென்ன இருக்கின்றன? கியர் பெட்டியிலிருந்து பின்னால் போகும் நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அது போய்ச் சேரும் டிஃபரன்ஷியல். அதிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகும் தண்டுகள். கடைசியாக பிரேக்கும் சக்கர பேரிங்கும்.

டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். அவரை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்துச் செங்கல் சுவர் ஓரமாகக் கூடவே நடந்தேன். சுவர் இருந்தால் சத்தம் திரும்பி வந்து தெளிவாகக் காதில் விழும். கோடு மேலே வரும்போதெல்லாம் ஒரு கீச். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மூன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். சத்தம் அதிலிருந்து வந்தால் இன்னும் அவசரமாகக் கத்தியிருக்கும். பிரேக்கை லேசாகத் தொட்டால் சத்தம் மாறவில்லை. வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் உறுமலும் இல்லை. அதனால் பிரேக்கும் சக்கர பேரிங்கும் இருக்காது. மிச்சம் இருந்தது சக்கரத்துக்குப் போகும் தண்டின் மூட்டு!

வெற்றிக் களிப்போடு சொன்னேன். அவரோ, "கேட்டாத்தானே நம்புறதுக்கு?" என்றார்.

"சரி, நான் ஓட்டறேன். நீங்க என் இடத்துல உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தார். குனிந்து, காதைத் தரைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனார். எனக்கோ ஓட்டுகிற சீட்டில் இருந்தே தெளிவாகக் கேட்கிறது. "இதோ... இதோ... இப்போ..." என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நிஜமாவே கேக்குதாம்மா? எனக்கு ஒண்ணுமே கேக்கலை" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அதற்குமேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, இடது பக்கத் தண்டைக் கையால் முறுக்கிக் காட்டினார். மூட்டில் ஆட்டம் தெரிந்தது. அதன் விளிம்பில் செங்காவித் தூள் படிந்திருந்தது. உள்ளே சிலுவை மாதிரி ஒரு எஃகுத் துண்டு உண்டு, அதை கிராஸ் என்பார்கள். அதன் நாலு முனையிலும் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள். கிரீஸ் வற்றி, உருளைகள் துருப்பிடித்து, ஒன்றோடொன்று உராய்ந்துகொண்டிருந்தன. குருவிக் கத்தல் அதுதான். அந்தத் துரு மாவுதான் செங்காவித் தூள்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த வண்டியில் அந்தத் தண்டு சக்கரத்தைச் சுற்றுவதோடு, சக்கரம் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்கிறது. வேகமாகப் போகும்போது மூட்டு உடைந்தால் சக்கரம் நிலை தவறிவிடும்! நாற்பது வயது தாண்டிய, பெரிய மாறுதல் செய்யாத வண்டிகளுக்கு 2018 முதல் இந்த நாட்டில் வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. நாமாகப் பார்த்தால்தான் உண்டு. புது கிராஸுக்கு ஆன செலவு ஒரு சாதாரணப் புடவை விலைதான். இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னோம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக, என் நோட்டிலிருந்து இன்னும் சில. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ‘டொக்’ என்று இடித்தால், மூட்டுகளிலோ டிஃபரன்ஷியலிலோ தேய்மானம் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ‘ஊ...’ என்று ஊளையிட்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அந்த ஊளை மாறினால், கிரவுன், பினியன் பற்களைப் பார்க்க வேண்டும். ஸ்பிட்ஃபயர் போன்ற வண்டியில் முதல் மூன்று கியரில் இரைந்து, நாலாவதில் அடங்கினால் கியர் பெட்டிதான். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

வண்டிக்கு வைத்தியம் ஆயிற்று. மனிதருக்கு? அவரே டாக்டரிடம் கிளம்பினார். முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு ஒலிபுகாத அறையில் உட்காரவைத்துச் சோதனை செய்தார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்தேன். ‘டொக்’, ‘டம்’ போன்ற கனத்த ஓசைகளுக்குக் கோடு நன்றாக இருந்தது. மெல்லிய, உயர்ந்த ஓசை வர வர, படியில் இறங்குவது போல் சரிந்துவிட்டது.

வயதாகும்போது உட்காதில் உள்ள நுண்ணிய முடி போன்ற செல்கள் நலிகின்றன. முதலில் போவது உயர்ந்த ஓசைதானாம். பேசுவது கேட்கும், ஆனால் ச, த, ப எழுத்துக்கள் மழுங்கிப்போகும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் ரொம்பக் கஷ்டம். அதனால் ‘காது கேட்கவில்லை’ என்று அவர்களுக்கே தோன்றாது. ‘எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்’ என்றுதான் தோன்றும். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024ல் வெளியிட்ட அறிக்கை, முதுமை மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நாம் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களில் கேள்விக் குறைவையும் சேர்த்திருக்கிறது. கண் மங்கினால் கூச்சமில்லாமல் கண்ணாடி போடுகிறோம். காதுக்கு மட்டும் ஏன் வெட்கம்?

காது கருவியை இங்கே அரசாங்க மருத்துவத் துறையே இலவசமாகத் தருகிறது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வந்தவர், ‘பேப்பர் மடிக்கிற சத்தம் இவ்வளவா!’ என்று திகைத்துப்போனார். அன்று சாயங்காலம் பேத்தி கூப்பிட்டாள். டெலிபோனை என்னிடம் நீட்டவில்லை. பள்ளிக்கூடத்து நாடகத்தில் தனக்கு முயல் வேஷம் என்று அவள் சொல்ல, அவர் வரிக்கு வரி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் என்னை அலட்சியப்படுத்தவே இல்லை. என் பேச்சு அவருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்பிட்ஃபயரில் ஒரு சுற்றுப் போய்வருகிறோம். போன வாரம் திடீரென்று ஓரமாக நிறுத்தினார்.

"என்னங்க?"

"ஏதோ டிக் டிக்னு சத்தம் வருதும்மா..."

நான் எட்டிப் பார்த்தேன். இண்டிகேட்டரை அணைக்காமலே இரண்டு மைல் வந்திருக்கிறார்!